மாத்திரை என்றால் அளவு

நுழையும்முன்

உடல்நலம் காப்பதாகச் சொல்லும் பொருள்கள் கடைகளில் பெருகிவிட்டன. அவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்று ஆராய்ந்து முடிவெடுக்க நாம் பழக வேண்டும். உயிர்ச்சத்துகளை நாள்தோறும் எந்த வடிவில் உட்கொள்ளலாம் என்னும் வினாவை இக்கருத்துக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆசிரியரின் கருத்தோடு நீங்கள் உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். எதுவாயினும் காரணம் காட்டுவது இன்றியமையாதது.

*

தமிழ் கற்போர் 'மாத்திரை' என்னும் சொல்லை முதன்முதலில் எழுத்திலக்கணத்தில் சந்திக்கின்றனர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று அங்கே கற்கிறோம். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமே ஒரு மாத்திரை. அதே சொல்லை மருந்துக்கடையிலும் கேட்கிறோம். இரண்டு இடங்களிலும் அதன் அடிப்படைப் பொருள் அளவு என்பதுதான். அளவிட்டுத் தரப்படும் மருந்து மாத்திரை ஆயிற்று. அளவு தவறினால் செய்யுளில் ஓசை கெடும். மருந்தில் உடல் கெடும்.

இந்தச் சிறு சொல்லாராய்ச்சிக்குக் காரணம் உண்டு. இன்று வைட்டமின் எனப்படும் உயிர்ச்சத்துகள் இரண்டு வடிவங்களில் நம் வீடுகளுக்குள் வருகின்றன. ஒன்று, கேப்சூல் எனப்படும் உறைமாத்திரை. சுவையும் மணமும் இல்லாத மெல்லிய உறைக்குள் மருந்துத்தூளோ எண்ணெயோ அடைக்கப்பட்டிருக்கும். அதை நீரோடு விழுங்க வேண்டும். மற்றொன்று, கம்மி எனப்படும் மெல்லும் மிட்டாய். கரடியின் உருவிலும் பழத்தின் உருவிலும் பல வண்ணங்களில் செய்யப்பட்டு, வாயிலிட்டவுடன் இனிக்கும். மாதுங்காவின் மருந்துக்கடையிலும் செம்பூரின் பல்பொருள் அங்காடியிலும் இவ்விரண்டும் அருகருகே அடுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் கண் கம்மியின் பக்கம் செல்கிறது. பெற்றோரின் கையும் அப்பக்கமே நீள்கிறது.

நம் பேச்சுத்தமிழில் 'கம்மி' என்றால் குறைவு. மும்பைத் தெருக்களில் நாம் கேட்கும் மராத்தியிலும் இந்தியிலும் 'கமி' என்பதற்குக் குறைவு என்றே பொருள். மிட்டாயின் பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும், அந்த மிட்டாய் உடலின் குறைவை உண்மையில் நிரப்புகிறதா என்று கேட்பது பொருத்தமே.

பரேலில் கிடைத்த பாடம்

உயிர்ச்சத்துகளின் கதை உணவுத் தட்டில் தொடங்கியது. 1890களில் கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், இன்றைய ஜகார்த்தாவில் கோழிகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் தளர்ந்தன. தவிடு நீக்காத அரிசியைத் தின்றவை தேறின. 1912ஆம் ஆண்டில் போலந்து நாட்டு அறிவியலாளர் காசிமிர் ஃபங்க், உணவில் மிகச் சிறிய அளவில் இருந்து உயிரைக் காக்கும் இத்தகைய பொருள்களுக்குப் பெயர் சூட்டினார். அப்பெயரே வைட்டமின் என வழங்குகிறது. 1918ஆம் ஆண்டில் நீலகிரி மலையின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மும்பைக்கும் இவ்வரலாற்றில் உரிய இடம் உண்டு. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இந்நகருக்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் தங்கி, கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களுள் பலர் நெசவாலைத் தொழிலாளர்கள். நோய்க்கிருமியைத் தேடிக் கிடைக்காத நிலையில், அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்பதை அவர் கணக்கெடுத்தார். அவர்களின் உணவில் ஏதோ ஒரு சத்து இல்லை என்று உணர்ந்தார். விலை மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். 1931இல் அந்த முடிவை வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த அந்தச் சத்து எது என்பது பின்னர்த் தெரிந்தது. 1941இல் அமெரிக்க அறிவியலாளர்கள் பசலை வகைக் கீரையை டன் கணக்கில் அரைத்துப் பிழிந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

லூசி வில்ஸின் ஆய்வில் நாம் கற்க வேண்டிய வரிசை ஒன்று உள்ளது. முதலில் குறை எது என்று கண்டறிதல். பின்னர் அந்தக் குறைக்கு உரிய சத்தைத் தேடுதல். இறுதியில் அச்சத்தை ஏழையும் பெறத்தக்க வடிவில் கொடுத்தல். இன்றைய விளம்பரங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றன. வடிவம் முதலில் வருகிறது. சுவை அடுத்து வருகிறது. உனக்கு என்ன குறை என்னும் கேள்வியை எவரும் கேட்பதில்லை.

கம்மியின் நிறையும் குறையும்

கம்மிக்கு நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. விழுங்குவதற்கு அஞ்சும் சிறுவர்கள் உள்ளனர். நோயாலோ முதுமையாலோ தொண்டை ஒத்துழைக்காத பெரியோர் உள்ளனர். அலமாரியில் உறங்கும் உறைமாத்திரையால் ஒருவருக்கும் பயனில்லை. உண்ணப்படும் கம்மியால் சிறிதேனும் பயன் விளையலாம். இது வலுவான வாதம். இதனை மறுப்போர், விழுங்க இயலாதவர்க்கு மாற்றுவழி காட்டக் கடமைப்பட்டவர்கள்.

எனினும் கம்மியின் குறைகள் நான்கினை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இனிப்பு. பல கம்மிகளில் ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு கிராம் சர்க்கரை உள்ளது. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இன்னும் நன்று. அது வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 25 கிராம். அதனோடு ஒப்பிட்டால் இரண்டு கம்மிகளின் சர்க்கரை பெரிதன்று. ஆயினும் அது பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்கிறது; இரவில் தின்று உறங்கும் பிள்ளையின் பல்லை மெல்ல அரிக்கிறது.

இரண்டாவது, அளவு. நெகிழும் மிட்டாய்க் கூழில் சத்தைச் சீராகக் கலப்பதும், கலந்த சத்து கெடாமல் காப்பதும் கடினம். வெப்பமும் ஈரமும் பட்டால் வைட்டமின் 'சி' சிதையும். அந்த இழப்பை ஈடுகட்ட உற்பத்தியாளர்கள் தொடக்கத்தில் சற்று மிகுதியாகவே சேர்ப்பதுண்டு. ஆகவே உறையில் அச்சிட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. 2023இல் அமெரிக்காவில் உறக்கத்திற்காக விற்கப்படும் மெலடோனின் கம்மிகள் 25 வகைகளைச் சோதித்தனர். அவற்றுள் 22 வகைகளில் குறிப்பிட்ட அளவு பிழையாக இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் 74 விழுக்காடு முதல் 347 விழுக்காடு வரை இருந்தது. மெலடோனின் உயிர்ச்சத்து அன்று. ஆயினும் கம்மியின் வடிவில் அளவு எவ்வளவு தடுமாறலாம் என்பதற்கு அது சான்று. ஆனி, ஆடி மாத மழையில் நனைந்து கிடக்கும் மும்பையில், தகரக் கூரையின் கீழ் வைக்கப்பட்ட கம்மிப் புட்டி ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே கட்டியாக மாறுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, மருந்துக்கும் தின்பண்டத்துக்கும் இடையிலான வேலி. மிட்டாயைப் போலச் செய்த மருந்தை ஒரு குழந்தை மிட்டாய் என்று எண்ணி அள்ளித் தின்றால் குற்றம் குழந்தையுடையது அன்று. வைட்டமின் 'பி', 'சி' ஆகியவை நீரில் கரைபவை. மிகுதியானால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். 'ஏ', 'டி', 'ஈ', 'கே' ஆகியவை கொழுப்பில் கரைபவை. அவை உடலில் தங்கும். அவற்றுள் 'ஏ'யும் 'டி'யும் அளவு மிகுந்தால் நஞ்சாகும்.

நான்காவது குறையே எல்லாவற்றினும் பெரிது. பெரும்பாலான கம்மிகளில் இரும்புச்சத்து இராது. அதன் உலோகச் சுவையை இனிப்பால் மறைப்பது அரிது. மிட்டாய் வடிவில் கொடுத்தால் குழந்தைகளுக்கு ஆபத்தும் மிகுதி. நம் நாட்டு இளையோரிடம் பரவலாகக் காணப்படும் குறைகளுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. அந்தக் குறை உள்ள பெண் பிள்ளைக்குப் பெற்றோர் நாள்தோறும் கம்மி கொடுத்து, சத்து சேர்ந்துவிட்டது என்று மனநிறைவு கொள்கின்றனர். அவளுடைய இரத்தசோகை அப்படியே இருக்கிறது. தவறான மருந்தைவிட, தவறான மனநிறைவு நீண்டநாள் தீங்கு செய்யும்.

உறைமாத்திரைக்கும் எல்லை உண்டு

இவ்வளவு கூறியதால் உறைமாத்திரை குற்றமற்றது என்று ஆகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய வைட்டமின் 'டி' 600 அலகுகள். நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் உறைமாத்திரையில் 60,000 அலகுகள் உள்ளன. அது குறை உடையவர்க்கு, மருத்துவர் சொன்ன காலம் வரை, பொதுவாக வாரம் ஒன்று என்ற கணக்கில் கொடுக்கப்படுவது. அதனை நாள்தோறும் விழுங்குவோர், ஒவ்வொரு நாளும் நூறு நாள் அளவைப் பெறுகின்றனர். உறையின் மீது இனிப்பு இல்லாததால் மட்டும் ஒரு மாத்திரை பாதுகாப்பானது ஆகிவிடாது.

சைவ உணவு உண்ணும் குடும்பங்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. பல உறைமாத்திரைகளின் உறையும் பல கம்மிகளின் கூழும் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினால் செய்த கம்மிகளும், தாவர நாரிலிருந்து செய்த உறைகளும் கிடைக்கின்றன. உணவுப்பொருளாக விற்கப்படுபவற்றின் மீது பச்சை அல்லது பழுப்புக் குறி இருக்கும். அதனோடு, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்னும் எச்சரிக்கை வாசகமும் சிறிய எழுத்தில் இருக்கும். முகப்பில் உள்ள பெரிய எழுத்துகளைவிட இச்சிறிய எழுத்துகளே வாங்குவோருக்கு உதவுபவை.

சாளரத்துக்கு வெளியே விழும் நீல மாத்திரை

கம்மியா, உறைமாத்திரையா என்று விவாதிக்கும்போது மூன்றாவது ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோருக்கு வாரம் ஒருமுறை விலையின்றி வழங்கப்படும் நீல நிற மாத்திரை அது. இரத்தசோகையற்ற இந்தியா என்னும் திட்டத்தின்படி, அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பரேலில் லூசி வில்ஸ் தேடிய அதே சத்து, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராவியின் வகுப்பறைக்கு மாத்திரையாக வந்து சேர்கிறது. தாயின் உடலில் நோயாக வெளிப்பட்டதை மகளின் உடலில் முன்கூட்டியே தடுக்கும் முயற்சி இது.

இதன் தேவையை எண்கள் உணர்த்தும். 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதே வயது ஆண்களில் அது 31 விழுக்காடு. அறுபது பேர் பயிலும் பெண்கள் வகுப்பில் ஏறத்தாழ முப்பத்தைந்து பேர் என்று எண்ணிப் பாருங்கள். படிக்கும்போது தலைசுற்றுவதும், படியேறினால் மூச்சிரைப்பதும், பாடத்தில் மனம் நிலைக்காததும் சோம்பல் என்று ஏசப்படுகின்றன. பல வேளைகளில் அவை சோம்பல் அல்ல, இரத்தத்தின் குறை.

ஆயினும் நீல மாத்திரை எல்லா வாயிலும் சென்று சேர்வதில்லை. சிலர் நாவின் கீழ் ஒளித்துப் பின்னர்த் துப்புகின்றனர். சிலர் சாளரம் வழியே எறிகின்றனர். வயிறு புரளும் என்னும் அச்சமும், மலம் கறுத்துவிட்டது என்னும் கலக்கமும், யாரோ கிளப்பிய வதந்தியும் காரணங்கள். உணவுக்குப் பின் உட்கொண்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். மலம் கறுப்பது இரும்புச்சத்தால் நேரும் இயல்பான மாற்றம்; அதனால் தீங்கில்லை. இந்த இரண்டு செய்திகளைத் தெளிவாக எடுத்துச் சொன்னாலே பாதி மாத்திரைகள் காப்பாற்றப்படும் என்று நான் நம்புகிறேன்.

என்னை வருத்துவது இதுதான். விலையின்றிக் கிடைக்கும் நீல மாத்திரை குப்பையில் விழுகிறது. அதே வீட்டில், கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணத்தில் கம்மிப் புட்டி வாங்கப்படுகிறது. இலவசமாக வருவது இழிவானது, விலை மிகுந்தது உயர்வானது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணத்திற்கு நாம் கொடுக்கும் விலை பிள்ளைகளின் உடல்நலம்.

முதலில் உணவு

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியது. நோயை ஆராய்வதும் மருத்துவனின் கடமையும் அதற்குப் பின்னரே வருகின்றன. அவ்வரிசை இன்றும் பொருந்தும்.

ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய வைட்டமின் 'சி' 80 மில்லிகிராம் அளவில் உள்ளது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து இருக்கிறது. மும்பையில் 'பேரு' என்று கூவி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி விற்கப்படும் அந்தக் கொய்யாவில் பாதி உண்டாலே போதும். நெல்லிக்காயும் அத்தகையதே. மாதுங்கா அங்காடியில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் முருங்கைக்கீரையில் ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமும் இரும்புச்சத்தும் உள்ளன. மராத்தியர் 'நாச்னி' என்றழைக்கும் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து உண்டு. கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும்; உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். ஆகவே நீல மாத்திரை உண்ட நாளில் தேநீரை ஓரிரு மணி நேரம் தள்ளிவைப்பது நல்லது.

உணவாலேயே எல்லாம் நிறைவேறும் என்று கூறிவிடவும் முடியாது. தாராவியின் பல சந்துகளில் இரு புறமும் நெருங்கி நிற்கும் வீடுகள் வெயிலை உள்ளே விடுவதில்லை. தோலில் வெயில் பட்டால்தான் வைட்டமின் 'டி' உருவாகும். வைட்டமின் 'பி12' இயற்கையில் தாவர உணவில் இராது. பாலும் தயிரும் போதிய அளவு கிடைக்காத சைவக் குடும்பங்களில் அக்குறை தோன்றும். இத்தகையோர்க்கு மாத்திரை தேவைப்படலாம். அத்தேவையை இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் உறுதிசெய்ய வேண்டும். விளம்பரம் உறுதிசெய்தல் ஆகாது.

என் முடிவு

நலமுடன் இருந்து பலவகை உணவு உண்பவர்க்கு நாள்தோறும் கம்மியும் வேண்டா, உறைமாத்திரையும் வேண்டா. பள்ளியில் வழங்கும் நீல மாத்திரையை உணவுக்குப் பின் ஒவ்வொரு வாரமும் உண்ண வேண்டும். குறை உண்டு என்று மருத்துவர் கண்டறிந்தவர், அவர் சொன்ன சத்தை, சொன்ன அளவில், சொன்ன காலம் வரை, மாத்திரையாகவோ உறைமாத்திரையாகவோ உட்கொள்ள வேண்டும். விழுங்க இயலாதவர் முதலில் மருத்துவரிடம் நீர்ம மருந்தைக் கேட்கலாம். அதுவும் இயலாதபோது கம்மியை நாடலாம். அப்போதும் அதனைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுக்கி வைக்க வேண்டும். மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காமல் மருந்து என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

மெல்லும் மருந்து எல்லாம் தீது என்பது என் கருத்தன்று. பிப்ரவரி 10ஆம் நாளும் ஆகஸ்டு 10ஆம் நாளும் தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் பள்ளியில் தரப்படும் மாத்திரை மென்று உண்ணத்தக்கதே. அது ஆசிரியர் கையால், ஆளுக்கு ஒன்றாக, அளவோடு கொடுக்கப்படுகிறது. அளவைக் காக்கும் கை இருக்கும் வரை வடிவம் பெரிதன்று. கம்மிப் புட்டியில் அந்தக் கை இல்லை.

அடுத்த வாரம் ஆசிரியர் நீல மாத்திரையை நீட்டும்போது அதனைத் தயங்காமல் வாங்கி உண்ணுங்கள். பக்கத்து இருக்கைத் தோழி சாளரத்தை நோக்கினால், மலம் கறுப்பதற்கு அஞ்ச வேண்டா என்று அவளிடம் சொல்லுங்கள்.

*

பயிற்சிகள்

1. 'மாத்திரை' என்னும் சொல் இலக்கணத்திலும் மருத்துவத்திலும் எவ்வாறு ஒரே பொருளைத் தருகிறது? விளக்குக.

2. லூசி வில்ஸின் ஆய்வு முறையைக் கட்டுரையாசிரியர் எந்த மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார்?

3. கம்மியை ஆதரிக்கும் வாதம் ஒன்றனைக் கட்டுரையாசிரியர் ஏற்றுக்கொள்கிறார். அது எது? அதனை ஏற்றபின்னும் அவர் முடிவு மாறாதது ஏன்?

4. உங்கள் பகுதிக் கடையில் ஒரு கம்மிப் புட்டியின் விலையைக் கேட்டறிக. அந்த விலையில் எத்தனை கிலோ கொய்யா வாங்கலாம் என்று கணக்கிட்டு, உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

5. உங்கள் வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு சத்துப்பொருளின் உறையில் காணும் சிறிய எழுத்துகளைப் படித்து, சர்க்கரை அளவு, இரும்புச்சத்து அளவு, பச்சை அல்லது பழுப்புக் குறி ஆகியவற்றைப் பட்டியலிடுக.

6. 'விலையின்றிக் கிடைப்பதை நாம் மதிப்பதில்லை' என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து விவாதிக்க.